மூன்றாம் பாகம் யாரிடம்?

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது மலர்க்குழுவினர் எங்களிடம் எதிர்பார்த்தது சுகாதாரம் பற்றிய ஒன்றைத்தான். டொக்டர் என்றால் நீரிழிவைப் பற்றித்தானே எழுத வேண்டும்! ஆனால் கட்டிடங்கள், அதிபர்கள், பரீட்சைப் பெறுபேறுகள், நீரிழிவு எல்லாவற்றைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். வாங்குக்குக் கீழே கைமாறிய மாயக் கதைகளையும் விஞ்ஞானக் கதைகளையும் பற்றி எவரும் எழுதமாட்டார்கள் என்று பட்டது. ஆகவே அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம். நாங்கள் என்றால் எண்பதுகளின் நடுவில் முதலாம் வகுப்பில் சேர்ந்து, தொண்ணூறுகளின் முடிவில் உயர்தரம் எழுதி வெளியேறிய தொகுதி.

மூதூரில் புத்தகம் பகிர்ந்த கதை எங்களோடு தொடங்கவில்லை. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு அதன் கப்டன் ரொபர்ட் நொக்ஸும், அதே பெயர் கொண்ட அவருடைய மகனும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். 'வெள்ளைக்காரன் மரம்' என்று சொல்லப்பட்ட புளியமரத்தையும் அதன் நினைவுக்கல்லையும் எங்கள் ஊரார் அறிவார்கள். சமூகக்கல்வியில் நாங்கள் படித்தது அதுவரைக்கும்தான். எங்களுக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. தகப்பனிடமும் மகனிடமும் இருந்தவை இரண்டே சமய நூல்கள். அவற்றையே திரும்பத் திரும்ப வாசித்து, கிட்டத்தட்ட மனப்பாடமாக்கினார்கள். 1661இல் தகப்பன் காய்ச்சலில் இறந்தார். பிறகொரு நாள் மகன் ஓடையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, அவ்வழியே போன ஒரு கிழவரிடம் ஆங்கில விவிலியம் ஒன்று இருப்பது தெரியவந்தது. கையிலிருந்த காசைக் கொடுத்தே வாங்கியிருப்பார். கூட இருந்த பையன் தடுத்து, பின்னல் தொப்பி ஒன்றுக்கு அதை மாற்றிக் கொடுத்தான். பண்டமாற்றில் எங்கள் வகுப்பு அவனிடம் தோற்றுவிடும்.

நொக்ஸ் 1679இல் தப்பிப் போய் 1681இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதினார். 1719இல் வந்த ராபின்சன் குருசோவில் அதன் சாயல் உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் தீவுக் கதைகளுக்கெல்லாம் ஒரு வேர் எங்கள் கரையில் இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஊர்ப்பெருமை கொஞ்சம் கூடிப்போனால் மன்னிக்கவும்.

இனி எங்கள் காலம். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால், எங்கள் அம்மாமாருக்குப் பழைய அம்புலிமாமாக்களே திரும்பத் திரும்ப வாய்த்தன. 1947இல் சென்னையில் தொடங்கிய அந்த இதழில் வேதாளம் மாதம் தவறாமல் முருங்கை மரத்துக்குத் திரும்பியது. 1977க்குப் பின் கட்டுப்பாடு தளர்ந்தது. எங்களுக்கு வாசிக்கத் தெரிந்த வயதில் கொமிக்ஸ் வந்துவிட்டது: சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து, 1984 முதல் லயன், அதே ஆண்டில் சென்னையிலிருந்து ராணி. திருகோணமலையில் வாங்கப்பட்டவை லோஞ்சில் ஏறி, உப்புத் தண்ணீர் தெறித்த தாள்களோடு இறங்குதுறைக்கு வரும். இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைவார். கை மட்டும் தெரியும். மாதக்கணக்கில் கரண்ட் இல்லாத மூதூரில் மாயாவி என்ன செய்வார் என்பதை நாங்கள் குப்பி விளக்கடியில் இருந்து விவாதித்திருக்கிறோம். விடை கிடைக்கவில்லை.

அட்டைகள்தான் பெரிய தொல்லை. துப்பாக்கி பிடித்த உளவாளி முகப்பில் நின்றால் சோதனைச் சாவடியில் கேள்வி வரும். சம்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் அட்டையைக் கிழித்துவிட்டு, நடுப்பக்கங்களைக் கணிதக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். அதனால் எங்களில் பலருக்குப் புத்தகங்களின் பெயர் இன்றுவரை தெரியாது, கதை தெரியும். ஒரு கொப்பியின் கடைசித் தாளில் எது யாரிடம் இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தோம். அக்கா, ராத்தா, மச்சாள் என்று உறவுமுறைகளே அதில் இருந்தன. பெயர் எழுதினால் டீச்சரிடம் அகப்பட்டுவிடும்.

அந்தத் தாளில் அதிகம் இடம்பிடித்தது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஒரு மாமி இதழ்களிலிருந்து பக்கங்களைக் கழற்றித் தைத்து வைத்திருந்ததை, எங்களில் ஒருத்தி கெஞ்சி வாங்கி வந்தாள். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, பிள்ளை பெறுவதற்கும் அரசாங்க அனுமதி, காணாமல்போன கணவனைத் தேடும் நிலா, பேசுகிற இயந்திர நாய் ஜீனோ. பதினொரு வயதில் பாதி விளங்கவில்லை. ஆனால் காணாமல்போனவரைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைவது விளங்கியது. அதை எங்கள் தெருவிலேயே பார்த்திருந்தோம். காத்திருக்கப் பொறுமையில்லாமல் தையலைப் பிரித்து மூன்று பாகமாக்கினோம். ஒரே நேரத்தில் மூன்று பேர் வாசிக்கலாம். முதற்பாகம் வாசித்தவள் இரண்டாவதுக்குக் காத்திருப்பாள். மூன்றாவதை முதலில் வாசித்தவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது சட்டம்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. நாங்கள் ஒரு பக்கம் ஓடினோம், முஸ்லிம் தோழிகள் இன்னொரு பக்கம். பாடசாலை திறந்தபோது சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. பேச்சும் முன்போல் இல்லை. பெரியவர்கள் பேச வேண்டாம் என்றார்கள். மூன்றாம் பாகம் ஒரு முஸ்லிம் தோழியிடம் இருந்தது. எஞ்சிய இரண்டு பாகங்களையும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு முடிவு சொன்னோம். ஒருத்தியின் முடிவில் ஜீனோ லோஞ்சில் ஏறி மூதூருக்கே வந்துவிட்டது.

உயர்தரத்தில் ஒரு விஞ்ஞான டீச்சர் ஆதர் சி. கிளார்க்கைப் பற்றிச் சொன்னார். இலங்கையில் குடியேறிய 1956ஆம் ஆண்டிலேயே திருகோணமலையில் சுழியோடி, போர்த்துக்கீசர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டவர் அவர். 1979இல் வந்த அவருடைய நாவல் ஒன்றில், இந்தத் தீவைப் போன்ற நாட்டு மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுகிறார்கள். அதற்காக அவர் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி மத்திய கோட்டில் வைத்தார். வரைபடத்தில் அளந்து பார்த்தோம். மூதூரையும் சேர்த்துத்தான் நகர்த்தியிருந்தார். 'பாதை' ஏறி இறங்காமல் திருகோணமலைக்குப் போகும் வழியை மட்டும் அவரும் யோசிக்கவில்லை. கிண்ணியாப் பாலத்துக்கு நாங்கள் 2009 வரை காத்திருந்தோம்.

2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு நடந்தார்கள். நாங்கள் அப்போது புதிய டொக்டர்; மருத்துவக் குழுவோடு முகாமுக்குப் போனோம். வயிற்றோட்டமும் காலில் கொப்புளமுமாக வரிசை நீண்டிருந்தது. இடுப்பில் பிள்ளையோடு வந்தவள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நகரவில்லை. "நீங்க இன்னும் ரெண்டாம் பாகத்தில தானா நிக்கிறீங்க?" என்றாள். பதினாறு வருடம். முகம் பிடிபடுவதற்கு முன் குரல் பிடிபட்டது. அந்தத் தாள்களை ரங்குப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாளாம். 2004 டிசம்பர் 26இல் கடல் பெட்டியோடு கொண்டுபோய்விட்டது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, முடிவை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள்.

பிறகு கொழும்பில் முழுப்புத்தகம் வாங்கி வாசித்தோம். அவள் சொன்ன முடிவு அதில் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது சிரித்தாள். கடைசிப் பத்துத் தாள்கள் அவளுக்கும் கிடைக்கவில்லையாம். தைத்த மாமியின் கையிலேயே விடுபட்டிருக்க வேண்டும். "வரிசையில அத்தின பேர் நிக்கேக்க தெரியாதெண்டு சொல்லச் சொல்றியா?"

இப்போது எங்கள் தொகுதி ரொறொன்ரோ, லண்டன், டோகா, அக்கரைப்பற்று என்று பரந்திருக்கிறது. பிள்ளைகள் ஹரி பொட்டரையும் கடந்துவிட்டார்கள். போன மாதம் முழுவதும் பேச்சு வஜ்ர சந்திரசேகரவின் 2023ஆம் ஆண்டு நாவலைப் பற்றித்தான். கொழும்பில் இருந்து எழுதுகிறவர். கிளார்க் தன் மின்தூக்கிக்குப் பெற்ற அதே நெபியுலா விருதைப் பெற்றவர். ஒருபோதும் திறவாத, பளிச்சென்று வர்ணம் பூசிய கதவுகள் உள்ள ஒரு நகரம் அதில் வருகிறது. எங்களில் மூவர் ஆங்கிலத்தில் வாசிக்கிறார்கள். மற்றவர்களுக்குத் தமிழில் கதை சொல்கிறார்கள். கந்தளாய்த் தோழி கதை சொல்லும் முறை வந்தால் மட்டும், எந்தப் பக்கம் என்று இலக்கம் கேட்கிறோம்.

அட்டை கிழிந்த கொமிக்ஸ் எவர் வீட்டிலாவது எஞ்சியிருந்தால் மலர்க்குழுவுக்கு அறியத்தாருங்கள். கடைசித் தாளில் பட்டியல் எழுதிய அந்தக் கொப்பியையும் தேடுகிறோம். ஒற்றை றூள், நீல மட்டை, 1989ஆம் ஆண்டு கணிதம்.