சுவரில் ஹார்லெம், வாசலில் ஓவியர்கள்

தோழர்களே, நம்மைப் பற்றிய படம் ஒரு கூடத்தின் சுவரில் ஏறுவது வேறு, நாம் வரைந்த படம் அங்கே ஏறுவது வேறு. இந்த வேறுபாட்டுக்காகக் கறுப்பினக் கலைஞர்கள் 1969இல் நியூயார்க்கின் தெருவில் இறங்கினார்கள். இந்த நினைவு நாளில் அந்த வரலாற்றைப் பேச விரும்புகிறோம்.

ஹார்லெம் நமக்கு முற்றிலும் அந்நியமான இடம் அல்ல. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் அதை ஒட்டியே இருக்கிறது. தென்மாநிலங்களின் நிறவெறியிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள் அங்கே குடியேறி, கவிதை, ஜாஸ், ஓவியம் என்று பெரும் பண்பாட்டையே எழுப்பினார்கள்.

1969 ஜனவரி 18 அன்று, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 'ஹார்லெம் ஆன் மை மைண்ட்' என்ற கண்காட்சியைத் திறந்தது. 1900 முதல் 1968 வரையிலான ஹார்லெமின் வாழ்வைக் காட்டுவது அதன் நோக்கம். அருங்காட்சியகத்தின் இயக்குநர் தாமஸ் ஹோவிங். கண்காட்சியை அமைத்தவர் ஆலன் ஷோனர். இருவரும் வெள்ளையர்கள். சுவரளவுக்குப் பெரிதாக்கிய ஒளிப்படங்கள், திரையில் மாறிமாறி விழும் படங்கள், ஒலிபெருக்கியில் இசையும் பேச்சும் தெருச்சத்தமும். ஹார்லெமின் ஒரு தெருமுனையை நேரலையாகக் காட்டிய தொலைக்காட்சியும் இருந்தது. அங்கே நடந்துபோனவர்களைக் கலைக்கூடத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

ஆனால் கறுப்பின ஓவியர் ஒருவரின் ஓவியமோ சிற்பியின் சிற்பமோ அங்கே இல்லை. ஹார்லெமிலேயே பிறந்த நார்மன் லூயிஸ் இல்லை. அங்கே வளர்ந்த ரொமாரே பியர்டன் இல்லை. தம் மக்களின் இடப்பெயர்வை 60 ஓவியங்களாக 1941இலேயே தீட்டி முடித்த ஜேக்கப் லாரன்ஸ் இல்லை. இது சமூக வரலாற்றுக் கண்காட்சி என்பதே அமைப்பாளர்களின் விளக்கம். உலகின் ஓவியங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஒரு கலைக்கூடம், கறுப்பர்களிடம் வந்ததும் சமூக வரலாறு பேசியது. அவர்கள் தகவலாக உள்ளே வரலாம். கலைஞர்களாக வர முடியாது. ஹார்லெம் கல்சுரல் கவுன்சில் தன் ஆதரவை 1968இலேயே விலக்கிக்கொண்டிருந்தது.

பென்னி ஆண்ட்ரூஸ் உள்ளிட்ட கலைஞர்கள் 'பிளாக் எமர்ஜென்சி கல்சுரல் கோயலிஷன்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, அருங்காட்சியக வாசலில் பதாகைகளோடு மறியல் செய்தார்கள். உள்ளே ஹார்லெமின் ஓசை காட்சிப்பொருளாக ஒலித்தது. வெளியே அதே மக்களின் முழக்கம் தொந்தரவாகக் கேட்டது. எது இசை, எது இரைச்சல் என்பது அதிகாரம் போடும் கோடு. பறைக்கு நேர்ந்ததை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஹார்லெமில் பல பத்தாண்டுகளாக ஸ்டுடியோ நடத்திய கறுப்பின ஒளிப்படக் கலைஞர் ஜேம்ஸ் வான் டெர் ஸீயை உலகம் அறிந்தது இந்தக் கண்காட்சியால்தான். அப்போது அவருக்கு வயது 82. அதே 1969இல் அவரும் மனைவியும் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். படங்களுக்குச் சுவர் கிடைத்தது, எடுத்தவருக்குக் கூரை போயிற்று. அங்கீகாரத்தையும் வாழ்வாதாரத்தையும் நாம் ஏன் சேர்த்தே கேட்கிறோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கலைஞர்கள் மறியலோடு நிற்கவில்லை. ஹார்லெமில் ஸ்டுடியோ மியூசியம் 1968இலேயே தொடங்கியிருந்தது. பியர்டன், லூயிஸ், எர்னஸ்ட் கிரிச்லோ மூவரும் 1969இல் சின்கே காலரியை நிறுவினார்கள். 1971இல் விட்னி அருங்காட்சியகம் கறுப்பினக் கலைஞர்களுக்கென்று ஒரு குழுக் கண்காட்சி நடத்தியது. தேர்வில் கறுப்பின வல்லுநர்களுக்கு இடமில்லை என்று 15 கலைஞர்கள் விலகினார்கள். 'ஆக்ட்ஸ் ஆஃப் ஆர்ட்' என்ற சிறிய கலைக்கூடத்தில் மறுப்புக் கண்காட்சி ஒன்றும் நடந்தது. இடம் கிடைத்தும் சிலர் விலகியது ஏன்? யாரை உள்ளே விடுவது என்று முடிவெடுக்கும் நாற்காலியைத்தான் அவர்கள் கேட்டார்கள். அதே ஆண்டில் அட்டிகா சிறைக் கிளர்ச்சி நசுக்கப்பட்டபின், ஆண்ட்ரூஸின் கூட்டமைப்பு சிறைகளுக்குள் ஓவிய வகுப்புகளைக் கொண்டுசென்றது. அடுத்த ஆண்டு, 1972இல், பம்பாயில் தலித் பேந்தர்ஸ் எழுந்தபோது, அமெரிக்கக் கறுப்பர்களின் பிளாக் பேந்தர் கட்சியிலிருந்தே தன் பெயரை எடுத்துக்கொண்டது.

2024இல் அதே மெட்ரோபாலிட்டன், ஹார்லெம் மறுமலர்ச்சி பற்றிய பெரிய கண்காட்சியை நடத்தியது. பொறுப்பேற்று அமைத்தவர் டெனிஸ் மர்ரல் என்ற கறுப்பினப் பெண். ஓவியங்கள் சுவருக்கு வந்தன. இதற்கு 55 ஆண்டுகள் ஆயின. இதைத் தாமதமான பெருந்தன்மை என்று வாழ்த்த நமக்கு மனமில்லை. வாசலில் நின்றவர்கள் ஈட்டியது இது.

இங்கே நம் சேரிகள் திரையிலும் ஒளிப்படங்களிலும் வருகின்றன; பறையும் பெரிய மேடைகளில் ஒலிக்கிறது. அந்த மகிழ்ச்சியை நாம் மறுக்க வேண்டாம். மாணவத் தோழர்கள் ஒவ்வொரு கூடத்திலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதைத் தேர்ந்தவர் யார்? படத்தில் இருப்பவருக்கும் பறை இசைப்பவருக்கும் அங்கே பெயர் உண்டா? வரும் பணத்தில் அவர் பங்கு என்ன? பதில் வராத இடத்தில், நியூயார்க் ஓவியர்களைப் போல் வாசலில் நிற்போம். நமக்கான கூடத்தையும் கட்டுவோம்.