ஒரு நாழிகை வேற்றுமை

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களுக்குச் சென்று வாழும் தமிழன்பர்கள், "ஊரில் இந்நேரம் பொழுது விடிந்திருக்குமா?" என்று எண்ணாத நாள் குறைவு. கடிகாரத்தைப் பார்த்தால் ஐயத்திற்கு இடமில்லை. கொல்கத்தாவில் ஆறு மணியானால் பாலக்காட்டிலும் ஆறு மணிதான். ஆயினும் வானத்தைப் பார்ப்பவர்க்கு விடை வேறாகும். கடிகாரம் ஒன்றாகவும் சூரியன் பலவாகவும் நமக்கு அமைந்த வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வேற்றுமையை முதலில் உணர்ந்து கணக்கிட வேண்டியிருந்தவர் கடலோடிகளே. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. ஆகவே கிழக்கே ஒரு பாகை சென்றால் உச்சிப்பொழுது நான்கு நிமிடம் முந்தும். மேற்கே சென்றால் அவ்வளவு பிந்தும். புறப்பட்ட துறையின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால், நடுக்கடலில் சூரியன் உச்சிக்கு வரும் வேளையை அதனோடு ஒப்பிட்டு, கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்தோம் என்று அறியலாம். ஆங்கிலத் தச்சர் ஜான் ஹாரிசன் வாழ்நாளெல்லாம் உழைத்து அத்தகைய கடிகாரத்தைச் செய்து முடித்தார். 1761இல் அது ஜமைக்காத் தீவு நோக்கிக் கடலில் சோதனைக்குச் சென்றது. அன்று முதல் கப்பலில் இருவகை நேரம் வழங்கலாயிற்று. ஒன்று மாறாத துறைமுக நேரம். மற்றொன்று, பயணிகளின் உணவுக்கும் உறக்கத்திற்கும் உரிய கப்பல் நேரம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் 'ரஜூலா' கப்பலில் பினாங்கு சென்ற நம்மவர் இதனை நேரிற் கண்டவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அந்நாளில் மலாய் நாட்டு நேரம் இந்திய நேரத்திற்கு இரண்டு மணி முந்தியிருந்தது. கப்பல் நேரத்தை மறந்து கரையில் உலவியவன், துறையில் கப்பலைக் காணாமல் நின்றிருப்பான்.

கடலின் தேவையே நம் நாட்டிலும் நேரக் கணக்கிற்கு வித்திட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் ஒன்றை நிறுவினர். தமிழ் எழுத்தும் பொறிக்கப்பெற்ற அதன் கருங்கல் தூண் இன்றும் அவ்விடத்தில் நிற்கிறது. அங்குப் பணிபுரிந்த கோல்டிங்ஹாம், 1802இல் சென்னை நேரம் கிரீனிச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று வரையறுத்தார். எனினும் அந்நேரம் நெடுங்காலம் சென்னைக்கே உரியதாயிருந்தது. பாலக்காட்டார்க்குப் பாலக்காட்டு உச்சிப்பொழுதே பன்னிரண்டு மணி. கோவையார்க்குக் கோவை உச்சிப்பொழுதே பன்னிரண்டு மணி. மாட்டு வண்டியில் கணவாயைக் கடந்தவர்க்கு அதனால் இடையூறு ஒன்றும் நேரவில்லை.

இடையூறு புகைவண்டியோடு வந்தது. 1861 மார்ச்சு 12ஆம் நாள் திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே முதல் வண்டி ஓடியது. அடுத்த ஆண்டில் அப்பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சென்னையோடு இணைந்தது. பாலக்காடு சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ மூன்றரைப் பாகைத் தொலைவில் உள்ளது. ஆதலின் அதன் சூரியன் சென்னைச் சூரியனுக்கு 14 நிமிடம் பிந்தியவன். ஊர்ச் சூரியனை நம்பி ஆறு மணி என்று நிலையத்தை அடைபவனுக்குச் சென்னைக் கடிகாரம் 6 மணி 14 நிமிடம் காட்டும். ஆறு மணி பத்து நிமிடத்திற்குரிய வண்டி அவனை விட்டுப் போயிருக்கும்.

ஏறத்தாழ 1870 அளவில் இந்திய இருப்புப் பாதைகள் அனைத்திற்கும் சென்னை நேரமே பொது நேரமாயிற்று. அதற்குக் காரணம் உண்டு. பம்பாய் நேரம் சென்னைக்கு அரை மணி பிந்தியது. கல்கத்தா நேரம் ஏறத்தாழ 32 நிமிடம் முந்தியது. இடைப்பட்ட சென்னையைக் கொண்டால் இரு பெருநகரங்களுக்கும் குறை சமமாகும். பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வேலை தேடிச் சென்ற நம் முன்னோர், ஊரில் ஒரு நேரம், வண்டியில் ஒரு நேரம், இறங்கிய நகரில் ஒரு நேரம் என மூன்று நேரங்களை மனத்திற்கொண்டு நடந்தனர். நகரில் சற்றுக் கண்ணயர்ந்தால் வேலையோ வண்டியோ கைவிட்டுப் போகும்.

1906 சனவரி முதல் நாள், கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. எண்பத்திரண்டரைப் பாகைக் கோட்டின் சூரியனே இனி நாட்டின் சூரியன் என்று ஆயிற்று. பம்பாய் மக்கள் இதனை எளிதில் ஏற்றாரல்லர். தங்கள் கடிகாரம் 39 நிமிடம் முன் தள்ளப்படுவதை ஆலைத் தொழிலாளரும் எதிர்த்தனர். அந்நகர் தன் நேரத்தை 1955 வரையிலும், கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும் விடாது போற்றின.

பாலக்காட்டின் நிலையோ வியப்புக்குரியது. அது பொதுக் கோட்டிற்கு மேற்கே ஏறத்தாழ 5.85 பாகைத் தொலைவில் உள்ளது. ஆதலின் அங்கு உச்சிப்பொழுது, ஆண்டின் சராசரியில், கடிகாரம் 12 மணி 23 நிமிடம் காட்டும்போது வருகிறது. நம் முன்னோர் நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். பாலக்காட்டுச் சூரியன் நாட்டின் கடிகாரத்திற்கு ஏறக்குறைய ஒரு நாழிகை பிந்தியவன். கொல்கத்தாச் சூரியனோ அதே அளவு முந்தியவன். ஆகவே அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு நாழிகை. தில்லிக்கும் பாலக்காட்டிற்கும் உச்சிப்பொழுதில் வேற்றுமை இரண்டே நிமிடம். மும்பை பாலக்காட்டிற்கும் கால் மணி பிந்தியது.

தெற்கே இடுக்கி மலைகளுக்கு வருவோம். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறித் தேவிகுளம், பீருமேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழர் பலர். மாநில எல்லைக் கோடு சூரியனை மாற்றுவதில்லை. போடிக்கும் மூணாற்றுக்கும் உச்சிப்பொழுதில் ஒரு நிமிட வேற்றுமையே உண்டு. ஆனால் மேற்கே மலை நிற்பதால் அடிவாரத்தார்க்கு வெயில் விரைவில் மறையும். முகட்டில் இருப்போர் இன்னும் அந்தி ஒளியில் இருப்பர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தாரோ பொது நேரத்திற்கு ஒரு மணி முந்திய தோட்ட நேரம் ஒன்றைத் தமக்கென வைத்துக்கொண்டனர். சூன் மாதத்தில் மேல் அஸ்ஸாமில் நான்கரை மணிக்கு முன்னரே விடிந்துவிடுமாதலின், பகலொளி வீணாகாதிருக்க அவர்கள் கண்ட வழி அது.

இவ்வேற்றுமை நம் இல்லங்களிலும் புகுகிறது. திதி முடியும் கணம் நாடெங்கும் ஒன்றே. ஆனால் உதயம் ஊருக்கு ஊர் வேறு. சித்திரை முதல் நாளில் சூரியன் கொல்கத்தாவில் ஏறத்தாழ 5.17க்கும் பாலக்காட்டில் ஏறத்தாழ 6.13க்கும் உதிக்கிறான். அன்று ஒரு திதி 5.50க்கு முடிவதாகக் கொள்வோம். கொல்கத்தாவில் உதயவேளையில் அத்திதி உண்டு. பாலக்காட்டில் அது கழிந்துவிட்டது. உதயத்திலிருந்து எண்ணும் நாழிகையும் இராகு காலமும் அவ்வாறே மாறும். ஊர்ப் பஞ்சாங்கத்தை அப்படியே கைக்கொண்டு, தந்தையாரின் நினைவு நாளை எந்நாளில் கொள்வது என்று உடன்பிறந்தாரிடையே பிணக்கு நேர்ந்தால், இருவரும் பிழைபட்டவர் அல்லர் என்று அறிக. அவரவர் சூரியன் வேறு.

ஆதலின் வெளியூர் வாழ் அன்பர்கள் கடலோடியின் முறையைக் கைக்கொள்வது நன்று. பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டது என்று அதன் முதற்பக்கத்தில் பாருங்கள். தாங்கள் வாழும் ஊரின் உதயத்தைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் இரண்டு நேரங்களையும் ஒருசேரப் போற்றியவர்கள் வழி தவறவில்லை.