மூட்டு

சில வருஷம் முன்னாடி ஒரு டச்சு மண்ணியல் நூலுக்காக, வரிக் கடைசியில் அடங்காத சொல்லைச் சிறுகோடு போட்டு உடைக்கும் நிரல் எழுதினேன். 'க்வார்ட்ஸ்லாகன்' என்ற சொல்லை அது 'க்வார்ட்-ஸ்லாகன்' என்று வெட்டியது. படிகக்கல் அடுக்குகள், கால் சுற்றுகளாகிவிட்டன. ஒரு 'ஸ்' இடம் மாறியதுதான் தப்பு. வெட்டவேண்டியது அதற்குப் பின்னால்.

டச்சில் பெயர்ச்சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி எழுதுவார்கள். நம்ம 'பலகை' மாதிரி. பல கையா, பலகையா? பேச்சில் சிலசமயம் அழுத்தம் வழி காட்டும். ஒரே எழுத்துகள்தான்: முதல் அசையை அழுத்தினால் 'கூட்டுப் பிரார்த்தனை', இரண்டாவதை அழுத்தினால் 'மசாஜ் படுக்கை'. தாளில் அழுத்தம் தெரியாது.

தாளிலும் மூட்டைக் காப்பாற்ற முயன்றவர்கள் டெ ஃப்ரீஸும் டெ விங்கலும். ஒரு பேரகராதிக்காக அவர்கள் 1863-ல் வகுத்த எழுத்துமுறையில், ஒரு சொல் எங்கே போனாலும் கூடியவரை ஒரே வடிவம். 'ஸ்டட்' என்றால் நகரம். அதன் கடைசி எழுத்து 'பாடம்' என்பதில் வரும் ட. சொல்லிறுதியில் 'பட்டம்' போல வன்மையாக ஒலிக்கும். 'ஹௌஸ்' (வீடு) ஒட்டி நகர மன்றம் என்றானாலும் எழுத்து மாறாது, வன்மையும் போகாது. அங்கே ஒரு சொல் முடிகிறது என்பது நாக்குக்குத் தெரிகிறது. பெரும்பாலான கூட்டுச்சொற்களில் அழுத்தம் முதல் பாதியில் விழும். இதில் ஏனோ வீட்டின் மேல்.

1983-ல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங், டெக் மென்பொருளுக்காகச் சொல்வெட்டும் வழியைத் தன் ஆய்வேட்டில் எழுதினார். ஆங்கிலத்துக்கு 4,447 எழுத்துக் கோலங்கள். நான் நம்பியதும் அந்த வழியைத்தான். அது எழுத்தைப் பார்க்கும், அர்த்தத்தைப் பார்க்காது. கடைசியில் விதிவிலக்குப் பட்டியல் ஒன்றைக் கையால் சேர்த்தேன்.

அப்போதுதான் நம்ம வீட்டுச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. 1658-ல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். இங்கே 1781 வரை, அங்கே 1795 வரை இருந்தார்கள். போனபிறகும் ஒரு கூட்டுச்சொல் தங்கிவிட்டது: கக் (மலம்) + ஹௌஸ். தமிழ் நாக்கில் ஹகரம் கரைந்து, ககரம் இரட்டித்து, கக்கூஸ். அழுத்தம் போச்சு, மூட்டு போச்சு. அதற்குள் ஒரு வீடு இருப்பதே எனக்கு முப்பது வயசுக்கு மேல்தான் தெரியும்.

என் நிரலிடம் கொடுத்தால் 'கக்-கூஸ்' என்று வெட்டும். நானும் அங்கேதான் வெட்டியிருப்பேன். சரியான இடம்தான். ஏன் சரி என்பது மட்டும் ரெண்டு பேருக்கும் தெரிந்திருக்காது.