செஞ்சிச் சீமையில் கூழ் வார்த்தல்

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடி பிறந்தால் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகும் கம்பும் இந்த மானாவாரி மண்ணின் பழைய உணவு. ஆடியில்தான் விதைப்பு தொடங்கும். போன வெள்ளாமையின் தானியம் குதிரில் அடி தட்டும் நேரமும் அதுவே. வைசூரிக்கு அஞ்சிய காலத்தில், உடலைக் குளிர்விக்கும் கூழே அம்மனுக்கு உகந்த படையல் என்று நம்பினார்கள்.

செஞ்சிக் கோட்டைக்குள் தானியத்தின் கதை வேறு. அங்கே அரசின் பெரிய நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 1690 முதல் 1698 வரை, மராட்டியர் வசமிருந்த இந்தக் கோட்டையை முகலாயப் படை முற்றுகையிட்டது. 1692 இறுதியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் வந்து வழிகளை மறித்ததும், முற்றுகையிட்டவர்களின் பாசறையிலேயே பஞ்சம் புகுந்தது. கோட்டைக் களஞ்சியம் அரசுடையது, குடியானவர்களுடையது அல்ல. அவர்களிடம் இருந்தது வீட்டுக்கு ஒரு பானைக் கூழ்.

அந்தக் கூழுக்கு முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். நொய்யரிசி குழைய வெந்ததும் மாவை ஊற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிளறுவார்கள். மறுநாள் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்து, மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய பானையில் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பம்பை முழங்க எல்லாப் பானைகளும் ஒரே கொப்பரையில் கவிழும். கெட்டியாகக் காய்ச்சிய வீட்டுக் கூழும் நீர்க்கக் கரைத்த வீட்டுக் கூழும் அதில் ஒன்றாகிவிடும். யார் வீட்டுக் கூழ் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இந்த வழக்கத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. படைத்து முடிந்ததும் சொம்பிலும் தூக்குச் சட்டியிலும் வாங்கி, முருங்கைக்கீரையோ கருவாட்டுக் குழம்போ தொட்டுக்கொண்டு குடிப்பார்கள்.

ஆனால் அந்தக் கொப்பரை ஊர் முழுவதற்கும் பொதுவாக இருந்ததில்லை. பல ஊர்களில் ஊருக்கு ஒரு மாரியம்மன், சேரிக்கு ஒரு மாரியம்மன், கொப்பரையும் இரண்டு. ஒரு தெருவின் வீடுகளைக் கலந்த கூழ், தெருக்களைக் கலக்கவில்லை. அந்தப் பிரிவினை பல இடங்களில் இன்னும் தீரவில்லை.

ரேஷன் அரிசி வந்தபின் கேழ்வரகு அன்றாட அடுப்பிலிருந்து விலகியது. ஆடியில் மட்டும் தவறாமல் திரும்பி வருகிறது. சென்னைக்குப் பிழைக்கப் போனவர்களும் கூழ் வார்க்கும் நாளுக்கு ஊர் வந்து, தங்கள் வீட்டுப் பானையையும் கொப்பரையில் ஊற்றுகிறார்கள்.