காதோடு பேசும் தெரு

லண்டனின் கிழக்கே வைட்சேப்பல் என்றொரு பேட்டை. 1999இல் அங்கிருந்த பொது நூலகத்தில் கேட்டால் கையடக்க சிடி பிளேயரும் ஹெட்போனும் இரவல் தந்தார்கள். துப்பறியும் கதைகள் அடுக்கிய அலமாரி அருகே நின்று பொத்தானை அழுத்தியதும், ஒரு பெண்குரல் காதோரம் தணிந்து பேசத் தொடங்கும். அவள் காலடி ஓசையோடு நம் அடியும் சேர, இருவருமாக வெளியே போவோம். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்துகளைக் கடந்து லிவர்பூல் தெரு ரயில் நிலையத்தில் அந்த நடை முடியும்.

‘தி மிஸ்ஸிங் வாய்ஸ்’ என்ற அந்த உலாவைக் கனடாக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் உருவாக்கினார்; ஆர்ட்ஏஞ்சல் என்ற லண்டன் அமைப்பு அதைத் தயாரித்தது. ஒரு பேட்டையை ஒலியின் துணையோடு நடந்து அறியும் கலை முழு உருப்பெற்றது அங்கேதான் என்பது என் கருத்து. ஆனால் அதன் வேர் அரை நூற்றாண்டு முந்தையது.

1952. ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் வெர்மீர் ஓவியங்களின் அசலையும் போலியையும் பற்றிய கண்காட்சி. கூடங்களைச் சுற்றி வளையமாக ஆன்டெனா கம்பி ஓடியது. டேப்பில் பதிந்த விளக்கவுரை சிற்றலையில் ஒலிபரப்பாக, பார்வையாளர்கள் கைக்கருவி வழியாகக் கேட்டார்கள். டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் என நான்கு மொழிகளில் உரை இருந்தது. ஒரே ஒலிபரப்பு என்பதால் கருவி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே படத்தின் முன் நிற்க வேண்டும். பிடித்த படத்தின் முன் இன்னும் கொஞ்சம் நிற்க ஆசைப்பட்டால் உரை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

கேட்பவரின் வேகத்துக்கு ஒலியைக் கொண்டுவந்தது கேசட். 1979இல் சோனியின் வாக்மேன் வந்ததும் அது தெருவுக்கே இறங்கிவிட்டது. கலிபோர்னியாவில் ஆன்டெனா தியேட்டர் என்ற குழுவை நடத்திய கிறிஸ் ஹார்ட்மேன், பார்வையாளர்களின் காதில் வாக்மேனை மாட்டி நாடகத்துக்குள்ளேயே நடக்கவிட்டார். அவர் குழுதான் 1987இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அல்கட்ராஸ் தீவுச் சிறைக்கு ஒலி உலா செய்தது. 1963இல் மூடப்பட்ட சிறை அது. அங்கே பூட்டப்பட்டிருந்த கைதிகளையும் பூட்டிய காவலர்களையும் தேடிப்பிடித்துப் பேசவைத்தார்கள். வெறும் அறைகளின் முன் நிற்பவரின் காதில் இரும்புக் கதவுகள் அறைந்து சாத்தப்படும் ஓசை கேட்கும். அங்கே நாள் கழித்தவன் தன் வாயால் சொல்வான். அறிந்தவர் சொல்லும் இடத்தில் வாழ்ந்தவர் வந்து நின்றது பெரிய திருப்பம்.

அடுத்த திருப்பம் தற்செயலாக வந்தது. 1991இல் கார்டிஃப், கனடாவின் பான்ஃப் நகரில் கலைஞர்கள் தங்கிப் பணிபுரியும் மையத்தில் இருந்தார். ஒருநாள் கல்லறைத் தோட்டத்தில் டேப் ரெக்கார்டரோடு நடந்து, கண்ணில் பட்டதைச் சொல்லிப் பதிந்துகொண்டிருந்தார். எங்கே விட்டோம் என்று பார்க்க டேப்பைச் சுழற்றிப் பின்னால் கொண்டுபோய் ஓடவிட்டார். தன் காலடியும் மூச்சும், தன் முன்னே இருப்பதையே விவரிக்கும் தன் குரலும் காதில் கேட்டன. அந்தக் குரலோடு நடந்து பார்த்தார். நடந்து முடிந்த நடையும் நடந்துகொண்டிருக்கும் நடையும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. அவருடைய முதல் ஒலிநடை அந்த ஆண்டே காட்டுப் பாதையொன்றில் பிறந்தது.

பதிவு செய்யும் முறை எளியது. தலையின் இரு காதுகள் இருக்கும் இடத்தில் இரண்டு சிறு மைக்குகள். ஓர் ஓசை ஒரு காதுக்குச் சற்று முந்தியும் மற்றதற்குப் பிந்தியும் வந்து சேரும். அந்த நுண்ணிய இடைவெளியையும் வைத்து அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என மூளை கணிக்கிறது. மைக்குகள் அந்த இடைவெளியை அப்படியே காப்பாற்றித் தருகின்றன. பின்னால் வண்டி வருகிறது என்று விலகித் திரும்புவீர்கள். தெரு காலியாக இருக்கும்.

இந்த உத்தி வைட்சேப்பலுக்கு வந்தது மிகப் பொருத்தம். அந்தப் பகுதியின் வரலாறு கண்ணுக்கு எளிதில் அகப்படாது. பக்கத்துப் பிரிக் லேனில் ஒரு கட்டடம் இருக்கிறது. 1743இல் பிரான்சிலிருந்து தஞ்சம் புகுந்த புராட்டஸ்டன்டுகளின் தேவாலயமாக எழுந்தது. பிறகு மெதடிஸ்டுகளிடம் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாக இருக்கிறது. சுவர் ஒன்றுதான், வந்து போன மொழிகள் எத்தனை! இப்படிப்பட்ட தெருவில் பெயர்ப்பலகை எவ்வளவு சொல்லிவிட முடியும்? ஓர் ஆளின் குரல் வேண்டும்.

அந்தக் குரல்களுக்காகவே எழுந்தது 2003இல் கலைஞர் கிரேம் மில்லர் செய்த ‘லிங்க்ட்’ என்ற ஒலி உலா. கிழக்கு லண்டனில் எம்11 நெடுஞ்சாலையின் இணைப்புச் சாலைக்காக ஏறத்தாழ 400 வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றில் மில்லரின் வீடும் ஒன்று. கிளேர்மான்ட் ரோடு என்ற தெருவில், அங்கேயே பிறந்து தொண்ணூறு வயது கடந்த மூதாட்டி ஒருவர் வெளியேற மறுத்து, போராட வந்த இளைஞர்களோடு நின்றார். 1994இன் இறுதியில் எல்லோரையும் அப்புறப்படுத்தித் தெருவையே துடைத்துவிட்டார்கள். மில்லர் அங்கு வாழ்ந்தவர்களைப் பேசவைத்துப் பதிந்தார். சாலையோர விளக்குக் கம்பங்களில் இருபது சிறு டிரான்ஸ்மிட்டர்களைப் பொருத்தி அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். கருவியை நூலகத்தில் இரவல் வாங்கி நடந்தால், வீடு நின்ற இடத்தின் அருகே அந்த வீட்டுக் கதை காதில் விழும். இதுவரை செய்யப்பட்ட ஒலி உலாக்களில் இதையே நான் உயர்வாக வைப்பேன். கட்டடம் இருக்கும்போது அதைப் பற்றிப் பேசுவது எளிது. இல்லாத வீட்டுக்கு வாசல் வைத்தவர் மில்லர்.

இன்று டிரான்ஸ்மிட்டரும் வேண்டாம், சிடியும் வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தைக் கைபேசியே கண்டறிந்து உரிய பதிவை ஒலிக்கவைக்கும். ஆனால் அதில் ஏற்றும் உரையைப் பலரும் நூலகக் குறிப்பிலிருந்து எடுத்து, தேர்ந்த அறிவிப்பாளரைக் கொண்டு படிக்கவைக்கிறார்கள். அது மறுபடி 1952க்குத் திரும்பும் வேலை. உங்கள் தெருவுக்கு ஒலி உலா செய்ய நினைத்தால், முதலில் அங்கே நெடுங்காலம் குடியிருக்கும் பெரியவர்களிடம் கைபேசியோடு போய் உட்காருங்கள். சாலை விரிவாக்கத்துக்கு அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால் நாளைக்கே போங்கள்.