ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்ப்பது காதாலா, செல்போனாலா?



போன அமாவாசைக்கு மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அப்பா தெருக்கூத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். அவர் காலமான பிறகு பெட்டி சும்மா கிடக்கிறதாம். "ரீடெல்லாம் சுருதி விலகிப்போச்சு சார். செல்லுல ட்யூனர் ஆப் வச்சு நானே சரி பண்ணட்டுமா, காதால செய்யறவரைத் தேடட்டுமா?" என்றான். பம்பைச் சத்தத்தில் என்ன பேச முடியும்? எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தம்பி, இது பழைய வழக்கு. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. அங்கே மேற்கத்திய இசைப் பிரிவைப் பார்த்த ஜான் ஃபவுல்ட்ஸ் அதற்கு முன்பே இந்தப் பெட்டியை எதிர்த்து எழுதியிருந்தார். தாகூரும் தடையின் பக்கம்தான் நின்றார். 1971-ல்தான் தடையைத் தளர்த்தினார்கள். கமகம் வராது என்பது ஒரு குற்றச்சாட்டு. ஸ்வரங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பது இன்னொன்று. உன் கேள்வி இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று பிரித்துக் கணக்கிடும் முறையைத் தந்தவர் அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர். உன் ஆப் காட்டும் முள் அந்தக் கணக்கில்தான் ஆடுகிறது. ஆனால் எல்லிஸ் தன் ஆராய்ச்சியில் காதுக்கு நம்பியிருந்தது ஹிப்கின்ஸ் என்பவரை. அவர் சிறுவயதில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழில் பழகியவர்! எண்ணுக்குப் பின்னாலும் ஒரு காது இருந்திருக்கிறது.

ஆப் ஒவ்வொரு ஸ்வரஸ்தானத்துக்கும் சமமாக 100 சென்ட் கொடுக்கும். தம்புராவோடு சேர்த்துப் பாடுகிறவர் அந்தர காந்தாரத்தை 386 சென்டில் நிறுத்துவார். ஆப் சொல்வது 400. அந்த 14 சென்டைத்தான் காது உறுத்துகிறது என்று சொல்கிறது. சரி, காது சொல்கிறபடியே வைத்துவிடலாமே? முடியாது. ச-வில் தொடங்கிச் சுத்தமான பஞ்சமம், அதற்குப் பஞ்சமம் என்று 12 முறை போனால் மறுபடி ச-வில் வந்து நிற்கவேண்டும். சுமார் 23 சென்ட் தாண்டி நிற்கும். மீதியே வராமல் வகுக்க முடியாத கணக்கு இது. காதால் சேர்க்கும் பியானோக்காரர்களும் பஞ்சமத்தை ஒரு மயிரிழை குறைத்து, இரண்டு ஒலியும் உரசும் அலைவை எண்ணித்தான் வைப்பார்கள்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் இந்த மீதியோடுதான் மல்லுக்கட்டினார். (அவரும் திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று வாத்தியார் வேலை பார்த்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.) ஸ்தாயிக்கு 22 சுருதி என்று பலரும் சொன்னபோது, சமமாகப் பிரித்த 24 என்று வாதாடினார். 1916-ல் பரோடா இசை மாநாட்டுக்குத் தன் பெண்களை அழைத்துப்போய்ப் பாடியும் வாசித்தும் காட்டச் செய்தார். மறு வருஷம் 'கருணாமிர்த சாகரம்' வந்தது. அவர் கணக்கை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் கணக்கைக் காதுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும்.

இப்போது உன் பெட்டிக்கு வருகிறேன். பஜனை மடத்தில் ஒரே கட்டையில் வாசிக்கிற பெட்டி என்றால் காதால் சேர்ப்பதே இனிமை. கூத்து அப்படியல்ல. ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், பெண் வேஷக்காரர் நாலு கட்டைக்குப் போவார். எந்தக் கட்டையும் ச ஆகவேண்டும். ஒரு கட்டைக்குச் சுத்தமாகச் சேர்த்தால் இன்னொன்றில் அபஸ்வரம் அடிக்கும். அதனால் உனக்குச் சம இடைவெளிதான் சரி, ஆப்பை வைத்துக்கொள். ஆனால் ஜோடி ரீடு இருக்கிறதே, அதை முள்ளைப் பார்த்து முடிக்காதே. இரண்டையும் சேர்த்து ஊதவிட்டு அலைவு அடங்கும் வரை கேள்.

இன்னொன்று. ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். போன பித்தளை திரும்ப வராது. முதலில் தூசியைத் துடைத்துவிட்டுக் கேட்டுப்பார், பாதி ரீடு அதிலேயே சரியாகலாம். அப்பா கடைசியாக வைத்த சுருதியை, ஒரு கட்டை விடாமல், செல்லில் பதிவு செய்த பிறகு அரத்தைக் கையில் எடு. அடுத்த அமாவாசைக்குப் பெட்டியையும் கொண்டு வா.