வறண்ட நிலத்தின் வெள்ளம்

கல்லாவி வட்டாரம் மழைக்கு ஏங்கும் மண். ஆயினும் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது, அருகிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையோரம் நின்ற வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றது.

அன்று நம் நினைவுக்கு வந்தது மக்கா. மலை சூழ்ந்த அப்பள்ளத்தாக்கில் மழை அரிது. பெய்தாலோ, பாறை நீரை உறிஞ்சாது, அத்தனையும் கஅபாவை நோக்கிப் பாயும். உமர் (ரலி) ஆட்சியில், ஹிஜ்ரி 17இல் வந்த வெள்ளம் மகாமு இப்ராஹீமையே பெயர்த்துச் சென்றது. அதில் மாண்ட ஒரு பெண்மணியின் பெயரால் ‘உம்மு நஹ்ஷல் வெள்ளம்’ என்றே வரலாற்றாசிரியர்கள் அதைக் குறித்தனர். மதீனாவிலிருந்து விரைந்து வந்த கலீஃபா, கல்லை அதன் இடத்தில் நிறுத்தியதோடு திரும்பிவிடவில்லை. மேற்புறத்தில் தடுப்பணையும் எழுப்பினார். தவக்குலை அவரைவிட நாம் அறிந்தவர்களா என்ன?

2009 ஹஜ் காலத்தில் ஜித்தாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே காய்ந்து கிடந்த ஓடைத் தடங்களில் குடியிருப்புகள் எழுந்திருந்தன. நம் ஊர் ஓடைகளும் ஆண்டின் பெரும்பகுதி காய்ந்தே கிடக்கின்றன.